தேவாலா தங்கச் சுரங்கங்களுக்குள் கேமராவோடு போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம்.

சனி, ஞாயிறு வந்தால் கோவையிலிருந்தும் மைசூரிலிருந்தும் கோழிக்கோட்டிலிருந்தும் பைக்கில் கிளம்பி, கூடலூர் வழியாகவோ நிலம்பூர் வழியாகவோ வந்து, நாடுகாணி தாண்டி, தேவாலா கடைத்தெருவில் ஒரு டீ குடித்துவிட்டு, பழைய தங்கச் சுரங்கங்களைத் தேடி மலைக்குள் போகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். நான் பந்தலூர்ப் பக்கத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். நீங்கள் எடுத்துப் போடும் வீடியோக்களைத் தவறாமல் பார்க்கிறேன்.

உங்கள் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரி என்றால் ஊட்டியும் குன்னூரும்தான் என்று நினைக்கிற நாட்டில், மாவட்டத்தின் மேற்கு மூலையில் கிடக்கும் எங்கள் ஊர்களின் பழங்கதையைத் தேடி இளம்பிள்ளைகள் வருவது சந்தோஷமான விஷயம். வராதீர்கள் என்று நான் எழுதவில்லை.

கேட்பது இரண்டுதான். சுரங்கத்துக்குள் இறங்காதீர்கள். அதைவிட முக்கியமாக, சுரங்கம் எங்கே இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டாதீர்கள். முதலாவது உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது. இரண்டாவது எங்கள் ஊர்க்காரர்களின் உயிர் சம்பந்தப்பட்டது.

உங்கள் வீடியோக்களில் வரும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். வெள்ளைக்காரன் டன் கணக்கில் தங்கத்தை அள்ளிக்கொண்டு போனான், மிச்சத்தை மூடி வைத்துவிட்டுப் போனான், அது இன்னும் உள்ளே கிடக்கிறது என்கிறீர்கள். நடந்தது அப்படி இல்லை. உண்மையில் நடந்தது இதைவிடப் பெரிய கதை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கேட்கும் இரண்டும் அந்தக் கதையிலிருந்துதான் வருகின்றன.

இன்று நீலகிரியோடு இருக்கும் கூடலூர், பந்தலூர் வட்டாரம் 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது. தென்கிழக்கு வயநாடு என்று பெயர். நிலத்தின் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம உடைமை, அதாவது பரம்பரைச் சொத்து. இந்த மண்ணில் தங்கம் உண்டு என்பதை ஆங்கிலேயர் வந்து கண்டுபிடிக்கவில்லை. நிலக்காரர்களிடம் அடிமைப்பட்டுக் கிடந்த பணியர்களும், காட்டில் வாழ்ந்த குறும்பர்களும் ஓடை மணலையும் சரிவு மண்ணையும் மரத்தட்டில் போட்டு, தண்ணீரில் அலசி அலசித் தங்கப் பொடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மணலோடு நிற்கவும் இல்லை. வெள்ளைக்கல் பாறையைத் தோண்டி, இடித்து, அரைத்தும் எடுத்திருக்கிறார்கள். பின்னால் வந்த ஆங்கிலேய நிலவியலாளர்கள் அந்தப் பழைய குழிகளைப் பார்த்து வியந்து எழுதினார்கள். கெட்டிப் பாறையில் 70 அடி ஆழம் வரை, ஆள் ஒருவர் இறங்கும் அகலத்தில், தூக்குக்குண்டு பிடித்து வெட்டிய நேர்த்தியில் இறங்கும் குழிகள் அவை. நீங்கள் கேமரா முன்னால் நின்று 'பிரிட்டிஷ் டனல்' என்று சொல்லும் இடங்களில் சில, பிரிட்டிஷாருக்கு முந்திய உள்ளூர் உழைப்பாளிகளின் கைவேலையாக இருக்கலாம். அந்த வாய்ப்பையாவது உங்கள் பார்வையாளர்களிடம் சொல்லுங்கள். பணியர் பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய முன்னோருக்கு இந்தக் கதையில் இடமே இல்லாததைப் பார்க்கும்போது எனக்கு ஆறவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி 1831இல் நிக்கல்சன் என்ற லெப்டினன்ட்டை அனுப்பி, மலபாரில் தங்கம் இருக்கும் பகுதிகளை ஆராய வைத்தது. பெரிதாக ஒன்றும் தேறவில்லை. அப்புறம் காப்பி வந்தது. காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். அந்தத் தோட்டங்களின் நடுவே துருத்திக்கொண்டு நின்ற வெள்ளைக்கல் பாறைகள், ஆஸ்திரேலியச் சுரங்க அனுபவம் உள்ளவர்களின் கண்ணில் 1860களில் பட்டன. 1874இல் ஆல்ஃபா என்ற கம்பெனி வேலையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் இந்த வட்டாரத் தங்கத்தைப் பற்றி எழுதினார்.

ஊரையே புரட்டிப் போட்டவர் ராபர்ட் பிரஃப் ஸ்மித். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா காலனியில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்தவர். கீழே வேலை செய்தவர்களைக் கொடுமைப்படுத்தினார் என்ற புகார் விசாரணைக்கு வந்து, 1876இல் அந்தப் பதவி போனது. 1879இல் இந்திய அரசு அவரை இங்கே வரவழைத்தது. 1880இல் அவர் கொடுத்த அறிக்கை லண்டன் பங்குச் சந்தையில் தீயைப் பற்ற வைத்தது. 1879 கடைசியில் தொடங்கி 1881 முடிவதற்குள் சுமார் 40 கம்பெனிகள், சுமார் 50 லட்சம் பவுண்டு மூலதனம் என்ற அறிவிப்போடு முளைத்தன. தேவாலா, பந்தலூர் என்ற பெயர்களை வரைபடத்தில் தேடிக்கூடப் பார்க்காதவர்கள் லண்டனில் உட்கார்ந்து எங்கள் மலையின் பங்குகளை வாங்கினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அதே ஆண்டுகளில்தான் வயநாட்டுக் காப்பி செத்துக்கொண்டிருந்தது. தண்டு துளைப்பான் ஒரு பக்கம், இலை நோய் இன்னொரு பக்கம். கடனில் மூழ்கிய தோட்டக்காரர்களின் கையில் விலை போகாத நிலம். திடீரென்று அந்த நிலம் எல்லாம் தங்க நிலம் ஆனது. பங்கு போட்டவர்களின் பணத்தில் பெரும்பங்கு நிலம் விற்றவர்களுக்கும் கம்பெனி ஆரம்பித்துக் கொடுத்தவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. சுரங்கம் தோண்ட மிஞ்சியது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும், பாறையில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று ஒழுங்காகச் சோதிக்கும் முன்பே, கல்லை நொறுக்கும் இயந்திரங்களைக் கப்பலில் வரவழைத்தார்கள். மேற்குக் கடற்கரையில் இறக்கி, மழைக்காட்டு வழியே மேலே ஏற்றினார்கள். பந்தலூர் அந்த நாட்களில் பரபரப்பான ஊராக இருந்தது.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் உண்மை தெரிந்தது. இடித்த பாறையில், அறிக்கைகள் சொன்ன அளவுக்குத் தங்கம் இல்லை. இதற்குக் காரணம் ஏமாற்று மட்டும் இல்லை, பாறையின் இயல்பும்தான். இந்த மாதிரிப் பாறை வெளியே தெரியும் இடத்தில், மழையிலும் வெயிலிலும் மற்றவை கரைந்து போய்விடும், கரையாத தங்கம் அங்கேயே தங்கும். அதனால் மேல்பரப்பில் பொறுக்கிய கல் நல்ல கணக்குக் காட்டும். கீழே போகப் போகத் தங்கம் கந்தகமும் இரும்பும் கலந்த தாதுவுக்குள் பூட்டிக்கிடக்கும். அந்த நாளில் தங்கத்தைப் பிரிக்கப் பயன்பட்ட பாதரசத்தால் அதைப் பிடிக்க முடியாது. சயனைடு முறையில் அதைப் பிரித்தெடுக்கலாம் என்று ஸ்காட்லாந்தில் காப்புரிமை வாங்கியது 1887இல். அதற்குள் தேவாலாவின் கம்பெனிகள் பெரும்பாலும் கதவை மூடிவிட்டன. 1901இல் ஹேடன், ஹாட்ச் என்ற இரு நிலவியலாளர்கள் அரசுக்காக மறுபடி வந்து அலசினார்கள். கட்டுப்படியாகும் தங்கம் இல்லை என்ற முடிவுக்குத்தான் அவர்களும் வந்தார்கள்.

கோலாரை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கேயும் 1880 வாக்கில்தான் கம்பெனிகள் இறங்கின. அங்கேயும் தொடக்கத்தில் பணம் கரைந்தது. ஆனால் சாம்பியன் பாறைத்தொடர் கிடைத்த பிறகு, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே வரை தோண்டி, 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள். வட ஆர்க்காட்டிலிருந்து போன நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்த இருட்டில் உழைத்தன. 2001 பிப்ரவரி 28இல் அதுவும் மூடப்பட்டது. தேவாலா அந்தப் பக்கத்திலேயே வராது. இங்கே இருந்தது சில ஆண்டுக் காய்ச்சல். அது விட்டுவிட்டுப் போனவை வெண்ட்வொர்த், கிளென்ராக் போன்ற எஸ்டேட் பெயர்களும், மலைச்சரிவு எங்கும் மூடாமல் போட்ட குழிகளும்.

ஆகவே, உள்ளே புதையல் இருக்கிறது என்று இனிமேல் எந்த வீடியோவிலும் சொல்லாதீர்கள். எடுக்கக் கட்டுப்படியாகாததால்தான் விட்டுவிட்டுப் போனார்கள்.

சரி, இப்போது முதல் கோரிக்கைக்கு வருகிறேன்.

கூரை இடிந்து விழுவதுதான் சுரங்கத்தில் ஆபத்து என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அதனால் ஹெல்மெட் மாட்டிக்கொள்கிறீர்கள். அந்த ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. தேவாலா தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மேல்மண் செம்மண்ணாக நெகிழ்ந்து கிடக்கிறது. 140 வருடத்துக்கு முன்பு முட்டுக் கொடுத்த மரம் இன்று மரமே இல்லை. தென்மேற்குப் பருவமழை முடிந்து வெயில் அடித்தாலும், மலைக்குள் இறங்கிய தண்ணீர் மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். வெளியே காய்ந்திருக்கிறதே என்பது உள்ளே எந்த உத்தரவாதமும் இல்லை.

எனக்கு அதைவிடப் பயம் காற்றைப் பற்றித்தான். நாம் சுவாசிக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். காற்றோட்டம் நின்றுபோன சுரங்கத்தில் அது குறைந்துகொண்டே போகும். நம்முடைய பாறையில் இருக்கும் கந்தகத் தாது ஈரத்தோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்கிறது. மக்கும் மரமும் அதையே செய்து, கரியமில வாயுவை வெளியே விடுகிறது. அது காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கி நிற்கும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஆக்சிஜன் 16 சதவீதத்துக்குக் கீழே போனால் தெளிவாக யோசிக்க முடியாது. 10க்குக் கீழே போனால் மயக்கம். அதற்கும் கீழே போனால் சில நிமிடம்தான். இதில் கொடுமை என்னவென்றால், முதலில் கெடுவது 'திரும்பிப் போய்விடலாம்' என்று முடிவெடுக்கும் மூளைதான். பழைய சுரங்கத் தொழிலாளி கையில் இருந்த விளக்கின் சுடர், காற்று கெட்டதும் மங்கி அவரை எச்சரித்தது. உங்கள் எல்இடி டார்ச் காற்று இல்லாத இடத்திலும் பளிச்சென்று எரியும். அப்புறம், ஒருவர் விழுந்ததும் மற்றவர் தூக்கப் போவார். அவரும் விழுவார். கழிவுநீர்த் தொட்டிகளில் நம் ஊரில் எத்தனை முறை இப்படி இரண்டு பேர், மூன்று பேராக இறந்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, தரை. மலைக்குள் படுக்கை வசத்தில் போகும் சுரங்கத்தின் நடுவில் செங்குத்தாகக் கீழே இறங்கும் குழி இருக்கலாம். அதில் தண்ணீர் நிரம்பிச் சேறு படிந்திருந்தால், டார்ச் வெளிச்சத்தில் அது சாதாரணக் குட்டை. வெளியிலும் இதே கதைதான். உண்ணிச்செடியும் பெரணியும் மண்டிய சரிவில், வாயைத் திறந்து வைத்திருக்கும் குழியைப் பக்கத்தில் போனால்கூடத் தெரியாது. எங்கள் ஊரில் மாடு மேய்ப்பவர்கள் சில சரிவுகளில் மாட்டை இறக்கவே மாட்டார்கள். அவர்களிடம் வழி கேட்டால் சொல்வார்கள், நீங்கள் கூகுள் மேப்பைத்தான் கேட்கிறீர்கள்.

வௌவால்களையும் சொல்ல வேண்டும். கைவிடப்பட்ட சுரங்கம் அவற்றுக்கு வீடு. குட்டி போடும் காலத்தில் வெளிச்சமும் சத்தமும் பட்டால் கூட்டமாகக் கலைந்து, பிடி தளர்ந்த குட்டிகள் விழுந்து சாகும். உங்களில் சிலர் வௌவால் கூட்டம் பறந்து வருவதைப் படம் எடுப்பதற்காகவே சத்தம் போடுகிறீர்கள். தயவு செய்து அதை நிறுத்துங்கள். கரடியும் சிறுத்தையும் ஒதுங்கும் இடங்கள் இவை என்பதையும், வரும் வழி முழுக்க யானை நடமாட்டம் உள்ள காடு என்பதையும் நான் விளக்க வேண்டியதில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் வந்த ஆண்டு 1882, தேவாலாக் கம்பெனிகள் சரியத் தொடங்கிய அதே சமயம்.

இனி, இந்த மடலை எழுத வைத்த இரண்டாவது விஷயம்.

தேவாலா வட்டாரத்தில் திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டுவது பல ஆண்டுகளாக நடக்கிறது. அதிகாரிகள் குழிகளை மூடுகிறார்கள், வழக்குப் போடுகிறார்கள். கொஞ்ச நாளில் வேறு பக்கம் தோண்டுகிறார்கள். மண் சரிந்து ஆள் செத்த செய்தி அவ்வப்போது பத்திரிகையில் மூலையில் வருகிறது. தோண்டுகிறவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? தோட்டக் கூலி வேலை செய்து, வேலை இல்லாத நாளில் அடுப்பு எரிய வேண்டுமே என்று தவிக்கிற குடும்பத்து ஆண்கள்.

அவர்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்பதும் வரலாறுதான். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தால், இலங்கை மலையகத்தில் தலைமுறைகளாகத் தேயிலை பறித்த தமிழர்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. அதுதான் டான்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், பந்தலூர், தேவாலா எங்கும் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. இன்னொரு பக்கம் ஜென்ம நில விவகாரம். 1969இல் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தும், பிரிவு 17 நிலம் (அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் குத்தகைத் தோட்ட நிலம்) என்ற பெயரில் ஏராளமான இடங்களின் உரிமை இன்றுவரை இழுபறியில் கிடக்கிறது. பட்டா இல்லை என்றால் வங்கிக் கடன் இல்லை, வீட்டை நம்பிக்கையோடு கட்ட முடியாது. தேயிலைக்கு விலை இல்லாத வருடங்களில் இந்த மக்களின் கையில் எதுவுமே இல்லை. காலுக்குக் கீழே தங்கம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்?

அதைத்தான் உங்கள் வீடியோக்கள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. 'இங்கே இன்னும் தங்கம் இருக்கு' என்று தலைப்பு. சுரங்க வாய்க்குப் போகும் வழி முழுக்கக் கேமராவில். கீழே வரைபடத்தில் புள்ளி வைத்து ஒரு லிங்க். உள்ளே போய் ஒரு வெள்ளைக்கல்லை உடைத்து, அதில் மினுக்கும் மஞ்சளை அண்மைக்காட்சியில் காட்டுகிறீர்கள். அது பெரும்பாலும் இரும்புக் கந்தகத் தாது, தங்கம் இல்லை. உங்களுக்கு அது ஒரு நாள் சாகசம். அதை வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற இருபது வயதுப் பையன் ஒருவனுக்கு அது ஒரு வழிகாட்டி. அவனுக்கு ஹெல்மெட் கிடையாது, துணைக்கு ஆள் கிடையாது. அவன் ராத்திரியில்தான் போவான். நீங்கள் நின்ற இடத்தைத் தாண்டி, தூண் போல விட்டு வைத்த பாறையைக் குடைவான். ஏனென்றால் பழைய ஆட்கள் எடுக்காமல் விட்ட கல் அதுதான், கூரையைத் தாங்கி நிற்பதும் அதுதான்.

கல் கிடைத்த பிறகும் ஆபத்து முடிவதில்லை. இடித்துப் பொடியாக்கி, அலசி, பாதரசம் சேர்த்துப் பிசைகிறார்கள். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அதைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் நிற்கும். இதைச் சமையலறையில் செய்தால், அந்த ஆவி நேராகக் குழந்தைகளின் நுரையீரலுக்குப் போகும். நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் விடாது. அலசிய தண்ணீர் ஓடையில் இறங்கும். எங்கள் ஓடைகள் பாண்டியாறு, புன்னம்புழாவோடு சேர்ந்து சாலியாற்றில் கலந்து, நிலம்பூர் வழியாக அரபிக்கடல் வரை போகின்றன. தண்ணீருக்குள் பாதரசம் மீனில் ஏறும், மீனிலிருந்து மனிதருக்கு ஏறும். மாநில எல்லையில் அது நின்றுவிடாது.

பிழைப்புக்காகத் தோண்டுகிறவர்களை நான் குற்றம் சொல்ல வரவில்லை. அவர்களுக்கு வேறு வழி செய்து கொடுக்க வேண்டியது அரசின் பொறுப்பு. அதைப் பற்றி வேறு மடல்கள் எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். உங்களிடம் கேட்பது உங்களால் முடிந்ததை மட்டும்.

ஏற்கனவே போட்ட வீடியோக்களில் இருக்கும் வரைபட லிங்க்கை எடுத்துவிடுங்கள். வழி காட்டும் பகுதிகளை வெட்டிவிடுங்கள். தங்கம் இருக்கிறது என்ற தலைப்பை மாற்றுங்கள். பார்வையாளர் எண்ணிக்கை குறையும் என்று தெரியும். கருத்துப் பகுதியில் யாராவது 'புரோ, லொகேஷன்' என்று கேட்டால் ஏன் கொடுக்க மாட்டீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரியை ஆயிரம் பேர் படிப்பார்கள்.

சுரங்கத்துக்குள் போகாமல் என்ன படம் எடுப்பது என்று கேட்பீர்கள். எவ்வளவோ இருக்கிறது. 1880 அறிக்கையும் 1901 அறிக்கையும் 1908இல் வந்த நீலகிரி மாவட்ட விவரச் சுவடியும் இன்று இணையத்தில் தேடிப் படிக்கக்கூடியவை. அவற்றில் உள்ள கம்பெனிப் பெயர்களை இன்றைய எஸ்டேட் பெயர்களோடு பொருத்தி ஒரு வீடியோ செய்யுங்கள், நானே உட்கார்ந்து உதவுகிறேன். லண்டனில் பங்கு விற்ற கதையை மட்டும் தனியாக எடுங்கள். அது இன்றைய கிரிப்டோ ஆசாமிகளிடம் பணத்தை இழக்கிற உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். பந்தலூரில் வயதானவர்கள் இருக்கிறார்கள். மரத்தட்டில் மண் அலசிய பாட்டன்மாரைப் பற்றிப் பணியர், குறும்பர் குடும்பங்களில் கேளுங்கள். அவர்கள் அனுமதித்தால் பதிவு செய்யுங்கள், சம்பளமும் கொடுங்கள். அவர்கள் நேரத்துக்கும் மதிப்பு உண்டு. கண்டியிலிருந்தும் அட்டனிலிருந்தும் கப்பல் ஏறி வந்து இங்கே இறங்கிய அம்மாக்களின் நினைவுகள் எந்த நூலகத்திலும் இல்லை. இந்தத் தலைமுறையோடு அவை போய்விடும்.

இன்னொன்றும் செய்யலாம். எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் ஆசை இது. பிரஃப் ஸ்மித் புறப்பட்டு வந்த அதே விக்டோரியாவில், பெண்டிகோ என்ற ஊரில் மூடிய தங்கச் சுரங்கம் ஒன்றைப் பத்திரப்படுத்தி, மக்களைக் கீழே அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். வேல்ஸில் ரோமானியர் காலத்துத் தங்கச் சுரங்கமான டோலாகோதியைத் தேசிய அறக்கட்டளை பாதுகாத்து வைத்திருக்கிறது. ஜப்பானின் சாடோ தீவுத் தங்கச் சுரங்கம் 2024இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நம் மாநிலத்திலேயே திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்களையும் பரங்கிமலைப் பாறையையும் நிலவியல் நினைவுச் சின்னங்களாக நிலவியல் ஆய்வுத் துறை அறிவித்திருக்கிறது. தேவாலாவில் ஒரே ஒரு சுரங்கத்தை நிபுணர்கள் சோதித்து, காற்றும் கூரையும் சரி செய்து, உள்ளூர்ப் பிள்ளைகளை வழிகாட்டிகளாக வேலைக்கு வைத்துத் திறக்கலாம். மற்றக் குழிகளைக் கணக்கெடுத்து, வௌவால் போய்வர இடம் விட்டுக் கம்பிக்கதவு போட்டு மூடலாம். ஆழமான செங்குத்துக் குழிகளுக்குக் கான்கிரீட் மூடி போடலாம். அந்த வேலையிலேயே எங்கள் பையன்களுக்குச் சில மாதச் சம்பளம் கிடைக்கும். முதலில் பழைய உள்ளூர்க் குழிகளைத் தொல்லியல் துறை வந்து பார்க்க வேண்டும். யார் எப்போது வெட்டியது என்று முறையாகப் பதிவு செய்யாமல் மண்ணைத் தள்ளி மூடினால், குறும்பர், பணியர் கைவேலையின் கடைசிச் சாட்சியும் போய்விடும்.

மாவட்ட நிர்வாகத்துக்கும், வனத்துறைக்கும், கனிமவளத் துறைக்கும் இதைக் கேட்டு ஒரு மனு தயாரிக்கிறோம். ஊராட்சிக்காரர்கள், ஆசிரியர்கள், தோட்டத் தொழிலாளர்கள், பழங்குடி இளைஞர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். உங்களில் எத்தனையோ பேருக்கு லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். நாங்கள் பத்து வருடம் மனுக் கொடுத்தாலும் எட்டாத காதுக்கு, நீங்கள் ஒரு வீடியோவில் எட்டிவிடுவீர்கள். கேமராவைச் சுரங்க வாயிலிருந்து திருப்பி இந்த மனுவின் பக்கம் வையுங்கள்.

உங்களிடம் ஏற்கனவே எடுத்த படங்கள் இருக்கும். எந்தக் குழி எங்கே திறந்து கிடக்கிறது, எதில் தண்ணீர் நிற்கிறது, எதன் வாயில் புது மண் கொட்டிக் கிடக்கிறது என்பது அதில் தெரியும். அதைப் பொதுவெளியில் போடாமல், தேதியும் இடமும் குறித்து வருவாய்த் துறையிடமோ வனத்துறையிடமோ கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். புது மண் கிடக்கும் குழிகளை முதலில் சொல்லுங்கள். அங்கேதான் இப்போது ஆட்கள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஜூன் மாதம் மழை பிடித்துக்கொள்ளும், அதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

அன்புடன்,
பந்தலூரிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர்